மில் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

லூயெல்லா டோமிச் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காரியத்துக்குக் கார் கொடுத்தவள் நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவளும் நான்தான்.

என் பெயர் பெர்னிஸ். ஹார்லன்பர்க் உயர்நிலைப் பள்ளிச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். லூயெல்லா மாடியில் பதிவாளர். எங்கள் பள்ளியில் சேர மார்க்கு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ராத்திரி எந்தத் தெருவில் தூங்குகிறாய் என்பதுதான் கேள்வி. மில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் படுக்கை இருந்தால் எங்கள் பள்ளி. அந்தப் பக்கம் இருந்தால் சுற்றுவட்டாரத்துக்கான கவுண்டிப் பள்ளி. எங்களுக்கு நீச்சல் குளம் உண்டு, அறுபது பேர் இசைக்குழு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி ஆலை முதலாளி எழுதி வைத்துவிட்டுப் போன ஸ்காலர்ஷிப் உண்டு. வருஷா வருஷம் எங்கள் பள்ளியில் முதலாவதாக முடிக்கிற பிள்ளைக்கு நாலு வருஷக் கல்லூரி இலவசம். அந்தப் பக்கத்துப் பள்ளியில் மழை வந்தால் வாளி வைப்பார்கள்.

அதனால் ஊரில் பாதிப் பேர் பொய் முகவரி கொடுப்பார்கள். அத்தை வீடு, மாமா வீடு, மூடிக் கிடக்கிற முடிதிருத்தும் கடையின் மாடி, எது கிடைத்தாலும் சரி. அதைப் பிடிப்பது லூயெல்லாவின் வேலை. மின்சார பில், வாடகைப் பத்திரம், வங்கிக் கடிதம் என்று மூன்று காகிதம் கேட்பாள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் பிடித்ததை விட மறைத்ததுதான் அதிகம். ஏழை வீட்டுத் தாய் யாராவது கையைப் பிசைந்துகொண்டு கவுன்ட்டரில் நின்றால், "இந்தக் காகிதம் செல்லாதும்மா. உங்க அக்கா கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் கொண்டாங்க, நான் உள்ள வெச்சுக்கறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்புவாள். என் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற கார்லோட்டாவின் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் படித்து முடித்தார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தாள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் லூயெல்லாவுக்குப் பதினேழு வயது. எங்கள் பள்ளியில் கடைசி வருஷம், வகுப்பில் முதலிடம். ஸ்காலர்ஷிப் அவளுக்குத்தான் என்று வாத்தியார்கள் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. அப்பா கிடையாது. அம்மா ஸோரா, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை துடைக்கிறவள். அதற்கு முந்தின டிசம்பரில் வீட்டுக்காரன் வீட்டை விற்றுவிட்டான். கிடைத்த இடத்துக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலே நாலு வீடு தள்ளித்தான் போனார்கள். ஆனால் அது மில் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

அப்போது துணைத் தலைமையாசிரியர் ஆர்வின் ரென்ஷா. முப்பத்துநாலு வயது, மடிப்புக் கலையாத சட்டை, எல்லாரையும் திருத்திவிடுகிற வேகம். ஒரு நாள் பள்ளி விட்டதும், நடந்து போகிற பெண்ணின் பின்னாலேயே காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். மறுநாள் ஸோராவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மோட்டல் சீருடையோடே ஓடி வந்தாள்.

"ஒன்பது வாரந்தான் சார் பாக்கி. முடிச்சிட்டுப் போகட்டும் சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கோடுன்னா கோடுதாம்மா. இன்னிக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"அவ வகுப்புல முதல் சார்!"

"அப்ப நீங்க யோசிச்சிருக்கணும். பொண்ணு படிப்பக் கெடுத்தது நான் இல்ல, நீங்க."

ரென்ஷா அதை அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். லூயெல்லா பக்கத்தில் நின்றாள். ஸ்காலர்ஷிப் இரண்டாவதாக வந்த பையனுக்குப் போயிற்று. லூயெல்லா கவுண்டிப் பள்ளியில் முடித்துவிட்டு, அம்மாவோடு அதே மோட்டலில் ஏழு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தாள். ஸோரா சாகிற வரைக்கும் அந்த வார்த்தையை விடவில்லை. புற்றுநோய் முற்றிப் படுக்கையில் கிடந்தபோதும், "உன் படிப்ப நாந்தான் கெடுத்தேன்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். இதை லூயெல்லா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை.

அம்மாவைப் புதைத்த மாதமே பள்ளியில் எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டாள். வேலை கிடைத்தது. ரென்ஷா அப்போது தலைமையாசிரியர். கையெழுத்துப் போட்டவரே அவர்தான், ஆனால் பெயரைப் பார்த்து அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "அடிப்பாவி, அந்த ஆள் மூஞ்சியில தினம் முழிக்கறியே, எப்படிடி?" என்று பின்னாளில் கேட்டேன். "முழிக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

ரென்ஷா தலைமையாசிரியரிலிருந்து மாவட்டக் கண்காணிப்பாளர் ஆனார். ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றும் போய்த் தொலையவில்லை. முகவரி வழக்குகளை விசாரிக்கிற மூவர் குழுவுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். தனக்கு வேண்டியவர்களை விடுகிறார் என்று யாரோ எப்போதோ புகார் சொன்னதில் ரோஷம் வந்து, அவரே ஒரு முறையைக் கொண்டுவந்தார். பிள்ளையின் பெயர் யாருக்கும் சொல்லக் கூடாது, எண் மட்டும்தான். மார்க்கு சொல்லக் கூடாது. பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். ஓட்டுப் போட்ட பிறகுதான் உறையைப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது. இந்த முறையைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு பெருமை. போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்வார். பதிவாளர் விவரம் படிக்கத் தொடங்கினால் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: ராத்திரி எங்கே தூங்குகிறது? வெளியே என்றால் வெளியேதான்.

போன வருஷம் ஜனவரியில் லூயெல்லா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சமையலறைக்கு வந்தாள். கையில் மூன்று மின்சார பில்.

"பெர்னிஸ், இதப் பாரு. நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒரு யூனிட்கூட ஓடல."

"யாரு வீடு?"

"நாலாவது தெரு, டயர் கடை மாடி. பிக்கெட்."

லிவி பிக்கெட்டை எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு. தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது "தேங்க்ஸ் மிஸ் பெர்னிஸ்" என்று சொல்கிற நாலைந்து பிள்ளைகளில் ஒருத்தி. வகுப்பில் முதலிடம். ரென்ஷாவின் மகள் வயிற்றுப் பேத்தி. மகள் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு மில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக்குப் போனதிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. பேத்தியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்ப்பார். அவள் தன் அப்பாவோடு டயர் கடை மாடியில் இருக்கிறாள் என்றுதான் அவர் நினைப்பு. அந்த அப்பனோ அக்டோபரிலேயே எண்ணெய்க் கிணற்று வேலைக்கு டெக்சாஸ் போய்விட்டான். பெண் அம்மாவிடம் ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். தாத்தாவின் குணம் தெரிந்து அவரிடம் மூச்சு விடவில்லை.

லூயெல்லாவின் கண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் லூ."

"உன் கார் வேணும். என்னோடது எல்லாருக்கும் தெரியும்."

நானும் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. இருபது வருஷம் அந்த மனுஷனுக்குக் காபி ஊற்றியிருக்கிறேன். ஒரு நாள் குட்மார்னிங் சொன்னது கிடையாது. அவர் மூஞ்சி கறுக்கிறதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். சாவியைக் கொடுத்தேன். அடுத்த மாதம், மூன்று நாள் காலை ஆறு மணிக்கு ஏரி ரோட்டில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தோம். மூன்று நாளும் ஆறே முக்காலுக்கு லிவி ஈரத் தலையோடு வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, அம்மாவின் வண்டியில் ஏறினாள். லூயெல்லா மணியைக் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. "அந்தப் பொண்ணு என்னடி பண்ணுச்சு?" என்றேன்.

"எழுபத்தொன்பதுல நான் என்ன பண்ணேன்?"

"அவ பேர்ல உனக்கு என்ன கோபம்?"

"அவ பேர்ல ஒண்ணும் இல்ல. அந்தாளு கெஞ்சணும் பெர்னிஸ். எங்கம்மா நின்ன மாதிரி நின்னு, 'பதினோரு வாரந்தான், விட்ருங்க'ன்னு என்கிட்ட கெஞ்சணும். அத நான் காதால கேக்கணும். கேட்டுட்டேன்னா போதும், அப்புறம் அந்தப் பொண்ண எப்படி உள்ள வெக்கறதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் திட்டம் அதுதான். அந்தப் பெண்ணை அனுப்புவது அவள் எண்ணம் இல்லை. கடைசி வருஷப் பிள்ளையை முடிக்கவிடலாம் என்று ஒரு கருணைத் தீர்மானம் சட்டத்தில் உண்டு. ஓட்டுக்கு முன் குழுவில் ஒருத்தர் சொன்னால் போதும். ஓட்டைத் திரும்ப வாங்க முடியாவிட்டாலும், தலைவர் மனது வைத்தால், நான்தான் தப்புச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்து வழக்கை மறுபடி எடுக்கலாம். ரென்ஷா தன் வாயால் அப்படிச் சொல்ல வேண்டும். தான் வளைய வேண்டும். சொந்தப் பேத்தி என்றால் எந்தத் தாத்தாதான் வளைய மாட்டான் என்று லூயெல்லா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பள்ளி நூலகத்தில் விசாரணை. கதவைச் சாத்திவிடுவார்கள். காபியும் டோனட்டும் வைக்கிறவளை யார் மனுஷியாக எண்ணுகிறார்கள்? நான் மூலையில் நின்றேன். ரென்ஷா நடுவில். ஒரு பக்கம் ஓடெட் மார்ஷ், பூக்கடைக்காரி, வாய் ஓயாதவள். இன்னொரு பக்கம் பல் டாக்டர் லொவெல். இரண்டு பேரும் ரென்ஷா கை தூக்கினால் தூக்குவார்கள்.

பன்னிரண்டாம் எண்ணும் பதின்மூன்றாம் எண்ணும் அண்ணன் தங்கை. இரண்டு நிமிஷத்தில் வெளியே. லூயெல்லா அடுத்த தாளை எடுத்தாள். அவள் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை.

"எண் பதினாலு. பன்னிரண்டாம் வகுப்பு. குடுத்த முகவரியில மூணு மாசமா கரன்ட் ஓடல..."

ரென்ஷா கையைத் தூக்கினார். "கதையெல்லாம் வேணாம் மிஸ் டோமிச். ராத்திரி எங்க தூங்குது?"

"எல்லைக்கு வெளிய."

"நேர்ல பாத்தீங்களா?"

"மூணு காலை."

"கருணைத் தீர்மானம் ஏதாச்சும் உண்டா?" என்று லூயெல்லா கேட்டாள். அதைக் கேட்பது அவள் கடமை.

ரென்ஷா சிரித்தார். "வருஷக்கணக்கா கேக்கறீங்க. ஒரு தடவையாச்சும் குடுத்திருக்கேனா?" பல் டாக்டரும் சிரித்தார். மூன்று கைகளும் மேலே போயின.

லூயெல்லா உறையைப் பிரித்தாள். அவசரப்படாமல் பிரித்தாள். "லிவி ஆன் பிக்கெட்" என்று படித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

ஓடெட் மார்ஷ் வாயைப் பொத்திக்கொண்டாள். பல் டாக்டர் டோனட்டைக் கீழே வைத்தார். ரென்ஷாவின் காது மட்டும் சிவந்தது.

"ஐயோ ஆர்வின், நம்ம லிவியா!" என்றாள் ஓடெட். "இத அப்படியே விட்ருவோம். யாருக்குத் தெரியப்போகுது? மறுபடி எடுத்துக்கலாம்."

அவர் தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் குடித்தார். மெதுவாகக் கீழே வைத்தார். லூயெல்லா காத்திருந்தாள். முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த அரை நிமிஷம் பெரிசில்லை. இதோ சொல்லப்போகிறார், இதோ என்று நான் காபிப் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த எண்" என்றார் ரென்ஷா.

லூயெல்லாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"சார்" என்றாள். "அவ வகுப்புல முதல்."

"மார்க்கு சொல்லக் கூடாது மிஸ் டோமிச். விதி உங்களுக்குத் தெரியும்."

"பதினோரு வாரந்தான் சார் பாக்கி. முடிச்சிட்டுப் போகட்டும். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும், மத்தத நான் பாத்துக்கறேன்."

கெஞ்சுகிறாள்! அந்த ஆளைக் கெஞ்ச வைக்க வந்தவள், அம்மா சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி அந்த ஆளிடமே கெஞ்சுகிறாள்.

"கோடு எல்லாருக்கும் கோடுதான்" என்றார் அவர். "அவங்கம்மா யோசிச்சிருக்கணும். அடுத்த எண்."

விசாரணை முடிந்து எல்லாரும் கிளம்பும்போது நடைபாதையில் லூயெல்லா அவரை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"என்னை யாருன்னு தெரியுதா உங்களுக்கு?"

அவர் குழம்பிப் போய்ப் பார்த்தார். "தெரியாம என்ன? பதிவாளர்."

"எழுபத்தொன்பது. ஸோரா டோமிச்சோட பொண்ணு. மோட்டல்ல வேலை பாத்தாங்க எங்கம்மா. என் பின்னாடியே கார்ல வந்தீங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நல்ல பிள்ளை மாதிரி யோசித்தார். "எத்தனையோ பேரு" என்றார். "ஞாபகம் இல்லம்மா." கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்திலேயே அவர் மண்டையில் காபிப் பாத்திரத்தைக் கவிழ்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் கை துறுதுறுக்கிறது.

ரகசிய விசாரணைதான். ஆனால் ஓடெட் மார்ஷுக்கு வாய் இருக்கிறதே. வியாழக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. ரென்ஷா உள்ளே வந்தார். நீள மேஜையில் உட்கார்ந்திருந்த ஜனம் ஒவ்வொருத்தராக எழுந்தது. "சொந்தப் பேத்தியக்கூட விடலையாமே! மனுஷன்னா இவன் மனுஷன்" என்று கையைக் குலுக்கியது. அவர் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தார். பான்கேக்கில் பாகு ஊற்றிக்கொண்டிருந்த லூயெல்லா தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். பாவி, அவனை நாறடிக்கப் போய் ஊருக்கே சாமியாக்கி வைத்துவிட்டோம்.

நான் பின்னாலேயே ஓடினேன். என் காரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அந்தாளுக்கு வலிக்கவே இல்ல பெர்னிஸ்."

"வலிச்சிருக்கும்டி. காட்டிக்கல."

"காட்டாத வலி எனக்கு எதுக்கு?" என்று கத்தினாள். பார்க்கிங்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை நான் அவளுக்குக் காபி கொண்டுபோனபோது லிவி கவுன்ட்டரில் நின்றிருந்தாள். பள்ளியை விட்டுப் போகிறவர்கள் காகிதம் வாங்க வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. இசைக்குழுவின் கிளாரினெட், இரண்டு புத்தகம், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். லூயெல்லா ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

"கவுண்டிப் பள்ளியில நல்ல வாத்தியாருங்க இருக்காங்க கண்ணு" என்றாள் லூயெல்லா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "வேற ஸ்காலர்ஷிப் நிறைய இருக்கு. நான் லெட்டர் எழுதித் தரேன்."

லிவி கேட்டாள்: "எங்க தாத்தாவுக்கு ஓட்டுப் போடறப்ப அது நான்னு தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

லூயெல்லா பேனாவைக் கீழே வைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். எண்தான் எனக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும்.

"தெரியும்."

"ஏரி ரோட்ல உக்காந்திருந்தது நீங்கதான. எங்க அம்மா, யாரோ வாத்து பாக்க வந்திருக்காங்கன்னாங்க." லிவி நிமிர்ந்து பார்த்தாள். "நான் உங்களுக்கு என்ன பண்ணேன் மிஸ் டோமிச்?"

லூயெல்லா வாயைத் திறந்தாள். நாற்பது வருஷக் கதை அவளிடம் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. லிவி கவுன்ட்டரில் கிடந்த பேனாவை எடுத்து, மேஜை மேல் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துப் பார்த்து, தன் உள்ளங்கையில் லூயெல்லாவின் பெயரை முழுசாக எழுதிக்கொண்டாள். பேனாவைத் திரும்ப வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. "சின்னப் பொண்ணுதான லூ" என்றேன். "காலேஜுக்குப் போனா எல்லாம் மறந்துரும். விட்ருவா."

லூயெல்லா இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடமாட்டா பெர்னிஸ்" என்றாள். "நான் விட்டேனா?"